வீட்டுக்குள் நின்ற சிவப்புக் கார்

அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பாலிஷ் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். அடிபட்டு வரும் கார்களுக்குப் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடிப்பது ஷெட்டில் அவன் வேலை. மூக்கு உடைந்து வந்த கார் அவன் கையிலிருந்து போகும்போது புது மாப்பிள்ளை மாதிரி போகும். அப்பேர்ப்பட்ட ஆள் வீட்டில் குளியலறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரமாட்டான். உள்ளே குளிப்பவர்கள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். பாட்டு நின்றால் ஆள் இல்லை என்று யாராவது உள்ளே வந்துவிடுவார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் பெண்டாட்டி பாடிக்கொண்டிருக்கிறாள். குரல் நன்றாகவே தேறிவிட்டது.

அவள் வீட்டிலிருந்தே ஒரு வக்கீலுக்கு டைப் அடித்துக் கொடுத்து வந்தாள். யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் அது. அதன் பெட்டிக்கு ஒரு பக்கத் தகரம் கிடையாது. உள்ளே இருக்கிற ஒயரெல்லாம் குடல் சரிந்த மாதிரி வெளியே தெரியும். தூசி போகும், பல்லி போகும். அவளும் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, ஷெட்லருந்து ஒரு துண்டு தகரம் கொண்டுவந்து இந்தப் பக்கத்தை மூடிக் குடுங்களேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் துண்டுத் தகரம் வைப்பதெல்லாம் அவன் தகுதிக்கு ஆகாது. கதவுக்குத் தாழ்ப்பாள் போடாததும் இதனால்தான். சின்ன வேலை என்றால் அவனுக்குக் கை வராது, பெரிய வேலை என்றால் நிறுத்தத் தெரியாது.

அவன் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது, இல்லை என்று சொல்லக் கூடாது. அடுத்தவன் காரைப் பளபளப்பாக்கி, சாயங்காலமானால் சாவியை நீட்டிவிட்டு நடந்து வீட்டுக்கு வருகிற பிழைப்பு. தனக்கென்று சிவப்பாக ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டதில் குற்றமில்லை. அதற்குப் பெண்டாட்டியின் சோற்றுப்பாடுதானா அகப்பட்டது?

உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றி அவளுடைய துணிக் கூடையில் போட்டுவிட்டு, காலிப் பெட்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனான். அவள் கேட்கும்போதெல்லாம், "பட்டி காயணும்மா" என்றான். பிறகு, "ரெண்டாவது கோட்டு காயணும்மா" என்றான். கடைசியில் ஒரு நாள் போர்வையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தான்.

போர்வையை எடுத்தான். நின்ற பெட்டியைப் படுக்கப்போட்டு, முன்னால் மூக்கு வைத்து, பின்னால் டிக்கி தூக்கி, நாலு சக்கரம் பொருத்தி, ரத்தச் சிவப்பில் ஒரு கார். ஆன் பண்ண, நிஜக் கார் சாவி. சாவியைத் திருப்பினால் ஹெட்லைட் எரிந்தது. நம்பர் பிளேட்டில் 'பாலிஷ்' என்று எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் குட்டிக் கண்ணாடிகள். அவளுடைய கைக்கண்ணாடி காணாமல்போன ரகசியம் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பார்க்க வந்தவர்களில் முதல் ஆள் பாலிஷின் அக்கா. சுற்றிச் சுற்றி வந்தாள். முன்பக்கத்துக் கம்பி வலையைப் பார்த்துவிட்டு விரலை விட்டாள். விரல் வழுக்கியது.

"ஏண்டா தம்பி, ஓட்டை இருக்கு, விரல் போகமாட்டேங்குதே?"

"அது ஓட்டை இல்லக்கா, வரைஞ்சது. நிஜமா ஓட்டை போட்டா மினுமினுப்பு போயிடும். தடவிப் பாரு, எங்கயாவது இணைப்புல நகம் நுழையுதா?"

"பாத்தியாம்மா?" என்று அக்கா தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். "ஓட்டையக்கூட உன் புருஷன் எவ்வளவு லட்சணமா வரையறான்!"

"ஆமா அண்ணி. அப்படியே பாத்ரூம் கதவுல ஒரு தாழ்ப்பாளையும் வரைஞ்சு குடுக்கச் சொல்லுங்க."

கார் வந்த பிறகு கம்ப்யூட்டர் நடுவில் நிற்க ஆரம்பித்தது. அவள் அடித்துக்கொண்டே இருப்பாள், பொசுக்கென்று அணைந்துவிடும். அடித்ததில் பாதி போய்விடும். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஹெட்லைட் எரியும். பாலிஷிடம் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தான். கரண்ட் சரியில்லை என்றான். மெஷினுக்கு வயசாகிவிட்டது என்றான். ஒன்றும் கிடைக்காதபோது, "நீ ரொம்ப வேகமா அடிக்கற. கொஞ்சம் மெதுவா ஓட்டு" என்றான்.

இரண்டு தடவை வேலை தாமதமாகிப் போனது. வக்கீலின் குமாஸ்தா மூன்றாவது காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தபோது உட்காரவில்லை.

"இத பாரும்மா, ஐயா வேற கடையில குடுக்கச் சொல்லிட்டாரு. நான்தான் இன்னும் ஒரு தடவை பாக்கலாம்னு கெஞ்சி எடுத்துட்டு வந்தேன். சாயங்காலம் ஆபீஸ் பூட்டறதுக்குள்ள வரணும். வரலேன்னா இனிமே இந்தப் படி ஏறமாட்டேன்."

அன்றைக்கு ஷெட்டுக்கு விடுமுறை. பாலிஷ் வீட்டில்தான் இருந்தான், காரைத் துடைத்துக்கொண்டு. அவள் துடைக்கிற கையை விலக்கிவிட்டு அடிக்க உட்கார்ந்தாள். மதியத்துக்குள் நாலு தடவை நின்றது. நாலாவது தடவை அவள் எழுந்தாள். பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்து உதறினாள்.

"இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது. உள்ள வெந்துட்டிருக்குதுங்க. இதைத் திறங்க."

பாலிஷ் மேசை மின்விசிறியைத் தூக்கிவந்து காரின் மூக்குக்கு நேராக வைத்தான். காற்று, அவன் வரைந்த ஓட்டைகளில் மோதி அவன் முகத்துக்கே திரும்பி வந்தது.

"நல்லா காத்து வருதே" என்றான்.

"உங்களுக்கு வருது. அதுக்கு வரணும். திறங்க."

"திறக்கறதுக்கு அது என்ன பிஸ்கட் டப்பாவா? வண்டிம்மா, வண்டி."

"வண்டின்னா பானெட் திறக்கும்ல?"

பாலிஷ் மின்விசிறியை அணைத்தான். கீல் வைத்தால் ஒரு கோடு விழும், கோடு விழுந்தால் அழகு கெடும் என்று பானெட்டை ஒரேயடியாகப் பட்டி பூசி மூடியிருந்தான். எத்தனையோ காரின் பானெட்டைத் தூக்கிய கை. பானெட் திறக்காத காரை எவனாவது ஷெட்டுக்குக் கொண்டுவந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

"நாளைக்கு ஷெட்டுக்குக் கொண்டுபோய் பதமா..." என்று இழுத்தான்.

"நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. இப்ப நீங்க திறக்கறீங்களா, இல்ல தூக்கிட்டுப் போய் உங்க ஷெட்டு வெல்டர்கிட்டக் குடுக்கட்டுமா?"

வெல்டரும் பாலிஷும் கீரியும் பாம்பும். வெல்டர் பற்றவைத்த இடமெல்லாம் கொப்புளம் கொப்புளமாக இருக்கும், அதைத் தேய்த்தே பாலிஷின் தோள்பட்டை போனது. அவன் கை தன் சிவப்பின் மேல் படுவதைவிடத் தன் கையாலேயே அறுத்துவிடலாம் என்று பாலிஷ் தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தான்.

எடுத்தவன் சட்டென்று வெட்டினானா? வெட்டுகிற கோட்டுக்கு இரண்டு பக்கமும் டேப் ஒட்டினான். கோணல் என்று உரித்துவிட்டு மறுபடி ஒட்டினான். அவள் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் தகரத்தில் கத்தரியை வைத்தான். பட்டி பொரிந்து சிதறியது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் பல்லைக் கடித்த சத்தம் அடுத்த அறைவரை கேட்டிருக்கும். மூன்று பக்கம் வெட்டி நாலாவது பக்கத்தை வளைத்துத் தூக்கியதும் உள்ளேயிருந்து அனல் குப்பென்று வந்தது.

"ஓரத்துக்கு மட்டும் ஒரு கோட்டு அடிச்சுடறேன். காய்ஞ்சதும் நீ..."

அவள் அவன் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். சமையலறையிலிருந்து மரக்கரண்டியைக் கொண்டுவந்து பானெட் விழாமல் முட்டுக் கொடுத்தாள். சாவியைத் திருப்பினாள். அதற்குப் பிறகு அவள் விரல்தான் பேசியது. கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாலிஷ் ஓரமாக உட்கார்ந்து, வாய் பிளந்து கிடந்த தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குமாஸ்தா வந்தபோது கடைசித் தாள் பிரிண்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, நடுரோட்டுல நின்னுபோன வண்டி மாதிரி?"

"மூடியிருந்தப்பதான் சார் நின்னு நின்னு போச்சு. இப்பத்தான் ஓடுது."

குமாஸ்தா சிரித்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு கட்டை எடுத்து வைத்தார். "இது நாளைக்கு. ஐயாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவர் படி இறங்கிப் போனார். பாலிஷ் மெதுவாக மேசை அருகே வந்தான். பானெட்டை ஒன்றும் செய்ய முடியாது என்று அவனுக்கும் புரிந்திருந்தது. ஆனாலும் அந்த மரக்கரண்டி அவன் கண்ணை உறுத்தியது.

"இதுக்காவது சிவப்பு அடிச்சுக்கட்டுமா?"

"அடிச்சுக்குங்க" என்றாள் அவள், புதுக் கட்டைப் பிரித்தபடி. "ஆனா வீட்டுல இருக்கறது அந்த ஒரு கரண்டிதான். அதாலதான் உங்களுக்குச் சோறு போடுவேன்."

பாலிஷ் கரண்டியைத் தடவிப் பார்த்தான். அப்புறம், சிவப்பு இல்லாவிட்டாலும் தேய்த்துப் பளபளப்பாவது ஆக்கலாம் என்று உப்புத்தாள் தேடப் போனான்.