தவமணியின் அடைப்புக்குறிகள்

தவமணியைச் சீனன்குடா அலுவலகத்துக்கு மாற்றுவித்தது நான்தான் என்று மரணவீட்டில் சிலர் கதைத்தார்களாம். அது உண்மையல்ல. அவளைப் பற்றி நான் எவரிடமும் ஒரு வார்த்தை முறையிட்டதில்லை. அவள் இறந்த செய்தியே, தகனம் முடிந்தபின், உப்புவெளியிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு உள்ளே போய் அரிசியைக் கழுவினேன். இன்னும் அழுகை வரவில்லை.

துறைமுகத்தடி அலுவலகத்தில் அவள் கம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதினாள். அதை அட்டைகளில் துளையாக அடிக்கும் அறைக்கு நான் பொறுப்பு. அட்டைகள் ரயிலில் கொழும்பிலிருந்த கம்பியூட்டருக்குப் போகும். துளையடிக்கும் எங்கள் மெஷின் கணக்கு வேலைக்கென்று செய்த பழையது. ‘குறைவு’ என்பதற்குரிய குறி அதில் இல்லை. அதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளான எல், டி இரண்டையும் முன்னும் பின்னும் புள்ளி வைத்து அடிப்போம்.

“இதென்ன பாஷை, பிள்ளை? எங்கட பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்மார் கண்டால் முழங்காலில விடுவினம்,” என்றேன்.

“அக்கா, இந்தப் பாஷையைச் செய்தவையின்ர மேசையிலயும் இப்பிடியொரு மெஷின்தான் இருந்திருக்கும். விசை இல்லாத குறியை அவை எப்பிடி எழுதுறது?” என்று சிரித்தாள்.

அடைப்புக்குறிக்கும் விசை இல்லை. திறக்க நூற்றுவீதக் குறி, மூட ஒரு சின்னச் சாய்சதுரம். அடைப்புக்குறிக்கும் அதற்குப் பதிலாக அடிப்பதற்கும் துளை ஒன்றேதான், அட்டையின் மேல் விளிம்பில் அச்சாகும் குறி மட்டுமே வேறு. கொழும்பு மெஷின் துளையைத்தான் வாசிக்கும்.

புதிதாக வந்த அதிகாரி ஒருநாள் அட்டைகளை எடுத்துப் பார்த்தார். “எங்க பார்த்தாலும் நூற்றுவீதம்! இதென்ன வட்டிக்கடையோ?” தவமணி விளக்கினாள். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு குறியின் மேலும் மையால் அடைப்புக்குறி கீறச் சொன்னார்.

“ஏலாது சேர். மெஷினுக்குக் கண் இல்லை,” என்றாள்.

பெட்டி அன்றைய ரயிலுக்குப் போக வேண்டும். நான் இருந்து கீறினேன். தவமணி கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “வடிவான பிறை, அக்கா. நாளைக்குப் பெருநாளோ?” என்றாள். நான் அடுத்த அட்டையை எடுத்தேன்.

புரோகிராம் ஓடியது. மையால்தான் ஓடியது என்று அதிகாரி நம்பினார். அடுத்த வாரம் அவளுக்கு மாற்றக் கடிதம் வந்தது. கீறியவள் நான், போனவள் அவள். கதைப்பதற்கு அலுவலகத்துக்கு அது போதும்.

பிறகும் சந்தையில் கண்டிருக்கிறோம். “சுகமோ அக்கா?” “ஓம்.” அவ்வளவுதான். அவள் கேட்காததை நான் விளக்கவில்லை. என் கணவர் இறந்தபோது வந்தாள். குசினியில் எல்லாக் கோப்பைகளையும் கழுவி அடுக்கிவிட்டு, என்னோடு கதைக்காமலே போனாள். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்றும் தெரியாது.

வங்கி அறிவித்தலில் நூற்றுவீதக் குறியைக் கண்டால், என் கண் அதை மூடும் சாய்சதுரத்தைத் தேடிப் போகிறது. அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான்.

அவளுடைய தங்கை மங்கை கடைசிவரை பக்கத்தில் இருந்தவர். இதை அவருக்காகத்தான் எழுதுகிறேன். மங்கை, நான்தான் மாற்றுவித்தேன் என்று உங்கள் அக்காவும் நம்பினாளா? ஆள்மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். ஆம் அல்லது இல்லை என்று எழுதி அனுப்புங்கள்.