சனிக்கிழமைக் குழம்பு

அறுபத்தொன்பது வயதில் என் நாக்கு என்னை ஏமாற்றத் தொடங்கியது. உப்புப் போட்டேனா இல்லையா என்ற நினைவும் கூடவே போய்விட்டது. மகனும் மருமகளும் நல்லவர்கள்; வாயைத் திறக்கவில்லை. மகன் சோற்றில் தயிரை அள்ளி ஊற்றிக்கொண்டு, "நல்லாருக்கும்மா" என்று எழுந்துபோவான். ஒருநாள் கொல்லை வாழைமரத்தடியில் நான் வைத்த சாம்பார் கிடந்தது, முருங்கைக்காய்த் துண்டுகளோடு. அன்று மாலையே மருமகள், "இனிமே நான் சமைக்கிறேன் அத்தை, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்பத்தைந்து வருஷம் ஆண்ட அடுப்படி. சமைக்காவிட்டால் இந்த வீட்டில் நான் யார்? டிவி பார்க்கும் கிழவி.

சனிக்கிழமையை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். அன்று எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. சுண்டை வத்தல் குழம்புதான். பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா அதற்காகவே மதியம் வந்துவிடுவார். பிள்ளைகள் இருவரும் துபாயில் இருக்க, தனியாக இருப்பவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வைக்கும் மீன் குழம்பில், அவர் சொல்லில் மீன் ஆணத்தில், எனக்கொரு பங்கு உண்டு.

அந்த வாரச் சனிக்கிழமை அவர் தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினேன். பிஸ்மி சொல்லி ஒரு கவளம் வாயில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"அல்லாவே! என்னக்கா, காரைக்கால் கடலையே கொண்டாந்து ஊத்திட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "புடிக்கலைன்னா வச்சிடுங்க" என்றேன்.

"ஏன் வைக்கணும்? எனக்குப் பசிக்குதுல்ல? எழுந்திரிங்க."

கையைக் கழுவிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் வந்துவிட்டார். நான் புளி கரைத்து ஊற்றினேன். அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இன்னும் ஊற்று என்று சைகை காட்டினார். வெல்லம் ஒரு துண்டு போடச் சொன்னார். மறுபடி கொதித்து வற்ற அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டாம் முறை உட்கார்ந்து, தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"அடுத்த சனிக்கிழமை, எறக்குறதுக்கு முன்னாடி ஒரு கொரலு குடுங்கக்கா. நான் வந்து உப்பு பாக்குறேன்."

அடுத்த சனிக்கிழமை என்று அவர் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.