நெஞ்சுயரத்திலிருந்து ஒரு முட்டை

என் தங்கை புருஷன் சாலை உடைக்கிறவன். துளையிடும் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே நிற்பான். வேலையிடத்தில் அவனுக்கு 'அதிரடி' என்று பட்டப்பெயர். வீட்டிலோ, கேட்ட கேள்விக்கு அவனிடம் பதில் வாங்குவதற்குள் நமக்கு நரை விழுந்துவிடும்.

நான் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகன். பச்சைப்பிள்ளை முகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனிடம்தான் முதலில் போய்க் கை நீட்டுவேன். மாப்பிள்ளைக்கும் அதே முகம். அதனால் அவன்மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

தங்கைக்கு மாதம் நெருங்கிவிட்டது. முன்பக்கத்துச் சின்ன அறைதான் குழந்தைக்கு. பெயிண்ட் அடித்தாயிற்று, தொட்டில் வந்தாயிற்று, தரை மட்டும் இல்லை. இருந்த தரையை அவனே ஒரே மத்தியானத்தில் பெயர்த்துத் தள்ளினான். புதிதாகப் போடத்தான் மனம் வரவில்லை. டைல்ஸ் வேண்டாம், மரப்பலகை வேண்டாம், வினைல் விரிப்பும் வேண்டாம். ஏன் என்றால், "பாக்கலாம் மச்சான்." இவன் பார்த்து முடிப்பதற்குள் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும் போலிருந்தது.

ஒருநாள் தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அவருக்கு இந்தக் குழந்தை வேணாமோன்னு தோணுது."

"என்னம்மா பேசுற?"

"வயித்துல கை வெச்சுப் பாருங்கன்னா, கையைப் பின்னால கட்டிக்கிறாரு. நேத்து டம்ளரைப் போட்டு உடைச்சாரு. சட்டைப் பொத்தானை மாத்தி மாத்திப் போடுறாரு. குடிக்கிறாரோ? வீட்டுல முட்டை வேற காணாமப் போகுது."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெருப்பில்லாமல் புகையுமா? அன்று சாயங்காலம் ஏதோ ரகசியம் பேசுவதுபோல அவன் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன். தார் வாசனைதான் வந்தது. அப்படியானால் முட்டையை யாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறான்? என் புத்தி போகாத இடமெல்லாம் போய்வந்தது.

மறுநாள் வேலை முடிந்து வீடு வந்தவன், சட்டைப் பையைப் பொத்தியபடி வெளியே கிளம்பினான். நான் பின்னாலேயே போனேன். தரை விரிப்புக் கடைக்குள் நுழைந்தான். சுருட்டி நிறுத்தியிருந்த விரிப்புகளுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

விற்பனைப் பெண் அவனைப் பார்த்ததுமே துடைக்கிற துணியை எடுத்தாள். "சார், மறுபடியும் முட்டையா?"

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே முட்டை. ஒரு விரிப்பின் துண்டைத் தரையில் போட்டு, நெஞ்சுக்கு நேராக முட்டையைப் பிடித்துக் கீழே விட்டான். சளக். அவள் துடைத்தாள். அடுத்த துண்டு. சளக். கடைசியாக, சிறுபிள்ளைகளின் விளையாட்டுக் கூடங்களில் போடும் தடித்த ரப்பரைக் கொண்டுவந்தாள். முட்டை விழுந்தது, துள்ளியது, உருண்டு என் காலடியில் வந்து நின்றது.

என் குணம் என்னை விடுமா? அவித்த முட்டையாக இருந்தால்? எடுத்து ஒரு அழுத்து அழுத்தினேன். மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்தது.

"மச்சான்!" என்றான் மாப்பிள்ளை.

அந்தப் பெண் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், குழந்தை தவழுற உயரம் ஒரு சாண்தானே? எதுக்கு நெஞ்சு உயரத்துலேருந்து போடுறீங்க?"

அவன் தன் கைகளைப் பார்த்தான். விரல் நுனிகள் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தன.

"மெஷினைப் புடிச்சுப் புடிச்சு மரத்துப் போச்சு மச்சான். டம்ளர் கையில இருக்கா இல்லையான்னு பாத்தாத்தான் தெரியுது. நாளைக்குப் புள்ளைய இந்தக் கையிலதானே குடுப்பாங்க?"

"இதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு உனக்கு என்ன கேடு? அவ அங்க அழுதுட்டு இருக்கா!"

"சொன்னா குடுப்பாங்களா மச்சான்?"

கையில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

அந்த ரப்பரையே போட்டோம். தங்கையிடம் நான்தான் சொன்னேன். அவனாகச் சொல்வதற்குள் இன்னொரு பிரசவம் ஆகியிருக்கும். அவள் போய் அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

மகள் பிறந்து வீட்டுக்கு வந்தாள். ஆளாளுக்குத் தூக்கினோம். அவன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றான்.

"கீழ உக்காருங்க," என்றாள் தங்கை. "நல்லாச் சம்மணம் போட்டு."

உட்கார்ந்தான். குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

"இனிமே எங்க விழும்?"

அவன் குழந்தையின் இரண்டு பக்கமும் கைகளை வைத்தான். தொடுகிறோமா என்று உறுதி செய்ய, கண்ணிமைக்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அந்த விரல்களைத்தான் பார்த்தேன். தொழில் புத்தி.

பிறகு நிமிர்ந்தான்.

"பாப்பா சூடா இருக்கு மச்சான்," என்றான். "மடியில தெரியுது."