சும்மா இருக்கக் கற்றுக்கொண்ட கைகள்

ஓடுகிற மெஷின் நின்றுபோவது நல்லதா, கெட்டதா? சோப்புத் தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் சிரித்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

தொழிற்சாலையில் அவருக்கு மின்னல் என்று பெயர். அட்டையை மடிப்பது, சோப்பை உள்ளே தள்ளுவது, மூடியைச் செருகுவது, கோணலாக இருந்தால் ஒரு தட்டு தட்டி நேராக்குவது என்று அவர் கை எப்போது எங்கே போனது என்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. பெட்டி கட்டும் பிரிவில் ஒரே ஒரு குற்றம்தான் உண்டு. அது கை சும்மா இருப்பது. மின்னல் அக்கா அந்தக் குற்றத்தை ஒருநாளும் செய்ததில்லை.

பிறகு புது மெஷின் வந்தது. மடிப்பது முன்பக்கத்தில், நிரப்புவதும் மூடுவதும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் என்று எல்லாம் தானாக நடந்தது. ஆனால் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. விளம்பரம் கொடுத்தார்கள். வந்தவர்களில் ஒருவர் கூண்டைத் திறக்கவே பயந்தார். இன்னொருவர் நன்றாகக் கற்றுக்கொண்டு, பெரிய கம்பெனி கூப்பிட்டதும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். வாங்கிய மெஷின் பாதி நாள் உறை போர்த்திக்கொண்டு தூங்கியது. வெளியே தேடியது போதும், உள்ளே இருப்பவர்களுக்கே சொல்லிக்கொடுப்போம் என்று கடைசியில் நிர்வாகம் முடிவு செய்தது.

வேலை நேரத்திலேயே பயிற்சி, முடிவில் ஒரு தேர்வு. தேறியவர்களுக்கு மெஷின். மற்றவர்களுக்கு ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கு, ஏனென்றால் பெட்டி கட்டும் மேஜைகளை எடுத்துவிடப் போகிறார்கள். கிடங்குக்குப் போவதென்றால் மகள் விழிக்கும் முன் கிளம்பி, அவள் தூங்கிய பிறகு திரும்ப வேண்டும். மின்னல் அக்கா அன்றே பெயர் கொடுத்தார்.

பக்கத்து மேஜைத் தோழியின் பட்டப்பெயர் ரேடியோ. அவர் வாயை மூடினால் கரண்ட் போய்விட்டதோ என்று பிரிவே நிமிர்ந்து பார்க்கும். அவர் பெயர் கொடுக்கவில்லை.

"ஏண்டி, பத்தாவதையே பாதியில விட்ட ஆளு நீ. அந்தக் கம்ப்யூட்டர் உனக்கு வணக்கம் சொல்லுமா?" என்றார்.

"அது சொல்லலைன்னா நான் சொல்லிட்டுப் போறேன். யாராவது ஒருத்தர் முதல்ல சொல்லித்தானே ஆகணும்."

பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம் பொறியாளர். மெஷினுக்கு எங்கெங்கே கண் இருக்கிறது, அது எதைப் பார்த்தால் நிற்கும், நின்றால் திரையில் என்ன சொல்லும் என்று பொறுமையாகக் காட்டினார். மின்னல் அக்கா திரையில் வரும் ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டிப் படித்து, மகளிடம் உச்சரிப்பு கேட்டு, துணி அலசும்போது முணுமுணுத்தார். கணவர் தையல்காரர். தையல் மெஷினிலிருந்து தலையை எடுக்காமலே, யாரைத் திட்டுகிறாய் என்று ஒருநாள் கேட்டார். உங்களை இல்லை, நிம்மதியாகத் தையுங்கள் என்று பதில் வந்தது.

தேர்வு நாளன்று பொறியாளர் மெஷினில் வேண்டுமென்றே ஒரு கோளாறு செய்து வைத்தார். ஒவ்வொருவராக வந்து, ஓட்டிப் பார்த்து, அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் ஓட்டியபோது மெஷின் நின்று நின்று அழுதது. மின்னல் அக்கா முறை வந்தது. பெல்ட்டில் வெறும் பெட்டிகள் வரிசையாக வந்தன, கூண்டுக்குள் நுழைந்தன, சோப்போடு வெளியே போயின. கொடுத்த நேரம் முடியும்வரை மெஷின் நிற்கவே இல்லை. கோளாறு எதுவும் இல்லை என்று நிமிர்ந்து நின்று சொன்னார். தேறவில்லை என்றார்கள்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் முறையில் மெஷின் ஒழுங்காக ஓடியிருக்க, தன்னை எப்படித் தோற்கடிக்கலாம் என்று கேட்டார். பொறியாளர் வாதாடவில்லை. எல்லோரின் தேர்வையும் செல்போனில் படம் பிடித்திருந்தார். அதைக் காட்டினார்.

படத்தில் மின்னல் அக்காவின் கண் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது கை மட்டும் தன்பாட்டுக்குக் கூண்டின் வாசலில், கோணலாக வந்த பெட்டியை எல்லாம் ஒரு தட்டு தட்டி நேராக்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது.

"நான் எதையும் தொடவே இல்லையே," என்றார். சொல்லி முடிப்பதற்குள் படத்தில் அந்தக் கை இன்னொரு பெட்டியைத் தட்டியது.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கோளாறை நீங்க கண்டுபிடிக்கலை, மறைச்சிட்டீங்க," என்றார் பொறியாளர். "அது நின்னாதான் எங்க வலிக்குதுன்னு நமக்குச் சொல்லும். நீங்க அதை நிக்கவே விடலையே."

இன்னொரு வாய்ப்பு உண்டு, அடுத்த வாரம். அதற்குப் பிறகு கிடையாது.

பாடத்தைப் படித்துவிடலாம். கையை எப்படிப் படிக்க வைப்பது? மதிய இடைவேளையில் பொறியாளரிடம் கேட்டு மெஷினை ஓடவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார் மின்னல் அக்கா. கோணல் பெட்டி ஒன்று வந்தால் போதும், உள்ளங்கை துறுதுறுத்தது. அரிக்கிற இடத்தைச் சொறியாமல் இருப்பதுபோல் இருந்தது. கட்டு தானாக அவிழ்ந்து, கை முன்னால் ஓடிவிடும். அன்று மாலை கணவரிடம் போய், வேலை உடுப்பில் ஆழமாக இரண்டு பை வேண்டும் என்றார். சம்பளம் கூடப் போகிறதா என்று கேட்டார் கணவர். கையைப் போட்டு வைக்க என்றதும் துணியை எடுத்தார்.

இரண்டாவது தேர்வில் கை பைக்குள் இருந்தது. பெட்டி ஒன்று கோணலாக வந்தது. பைக்குள் இருந்த கை தோள்வரை இழுத்தது. விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டார். பெட்டி கூண்டு வாசலில் மாட்டியது, பின்னால் வந்தவை முட்டிக்கொண்டு நின்றன, சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தப் பக்கமாகப் போன சூப்பர்வைசருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, நீயா இப்படி வேடிக்கை பார்க்கிற? கையை நீட்டி எடுத்துவிட்டா ஓடப்போவுது."

இத்தனை வருடமாக அந்தக் குரலுக்கு ஓடிய கை. இப்போதும் பைக்குள் துடித்தது.

"கொஞ்சம் இருங்க சார். அது எங்க மாட்டுதுன்னு நான் பார்க்கணும்," என்றார் மின்னல் அக்கா.

திரையைப் படித்தார். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றது. நிறுத்தும் பொத்தானை அழுத்திப் பூட்டி, வாசலின் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி முடுக்கினார். ஓட்டினார். இன்னும் மோசமாக மாட்டியது. கம்பியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். மறுபடி ஓட்டி, மறுபடி நிற்கவிட்டார். இந்த முறை மாட்டிய பெட்டியைப் பார்க்காமல், அது வந்த வழியைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். பெட்டி வாசலில் கோணலாகவில்லை. அதற்கு முன்பே, அட்டையை உறிஞ்சித் தூக்கி வைக்கும் ரப்பர் கிண்ணங்களில் ஒன்று கிழிந்திருந்தது. ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் நழுவவிட்டது. மெஷினை நிறுத்திப் பூட்டி, கிண்ணத்தை மாற்றி, ஓடவிட்டு, கையை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். பெட்டிகள் நேராகப் போயின. கை பையை விட்டு வெளியே வரவில்லை.

பொறியாளர் தலையை ஆட்டினார். தேறியாயிற்று.

மேஜைகளை எடுக்கும் வாரம் வந்தது. அடுத்த பயிற்சிக்கு ஆள் வேண்டும் என்று சொன்னபோது, ரேடியோ முதல் தடவையாக வாயைத் திறக்காமல் நின்றார். மின்னல் அக்கா அவரை மெஷின் அருகே கூட்டிப்போய், கோணல் பெட்டி வந்ததும் அதை நேராக்க நீண்ட அவர் கையைப் பட்டென்று தட்டிவிட்டார்.

"அடிக்காதடி. பேரு கொடுத்துத் தொலைக்கிறேன்," என்றார் ரேடியோ.

இதைப் படிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வேலையிடத்திலும் புது மெஷின் வந்திருக்கலாம், பயிற்சி என்று சொல்லியிருக்கலாம். நமக்கெல்லாம் இது வராது என்று ஒருவர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். முதல் தேர்வில் தோற்ற மின்னல் அக்காவின் கதையை அவரிடம் சொல்லுங்கள்.