பழைய தேதிக்குத் திரும்பாத கம்ப்யூட்டர்

மலர்கொடி என் கடையில் வேலைக்குச் சேர்ந்தது 2002-இல். பெரம்பலூரில் ஒரு மாடியில் நான் நடத்திவந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை அது. அவளுக்கு ஊர் வேப்பந்தட்டைப் பக்கம், மானாவாரி விவசாயக் குடும்பம், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ. இந்தப் பெண் மானிட்டரைத் தூக்குமா என்று நான் யோசித்தது உண்மைதான். முதல் வாரமே பதினேழு இஞ்ச் மானிட்டரைத் தனியாளாகச் சுமந்து படியேறி வந்து, எங்கே வைப்பது என்று கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவளுக்கும் எனக்கும் ஒரே விஷயத்தில்தான் தகராறு. கம்ப்யூட்டர் எப்படிக் கெட்டாலும் ஃபார்மேட் போட்டு, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிக் கொடுப்பது என் வழக்கம். அரை நாளில் வேலை முடியும், போட்டோ போனால் போகட்டும். அவளுக்கு அது ஆகவே ஆகாது. சிஸ்டம் ரீஸ்டோர் எதற்கு இருக்கிறது என்பாள். கம்ப்யூட்டர் நன்றாக இருந்த ஒரு நாளை அதிலேயே குறித்து வைத்துவிட்டால், பின்னால் கெடும்போது அந்த நாளின் நிலைக்குத் திருப்பிவிடலாம். போகிற வீட்டிலெல்லாம் வேலை முடித்ததும் அப்படி ஒரு நாளைக் குறித்து, அதற்கு 'நல்லா இருந்தப்ப' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த பக்கத்து ஊர் லப்பைக்குடிக்காட்டு வேலை முழுக்க அவளுடையது. ஆண்கள் வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் கம்ப்யூட்டர் உள்ளறையில் இருக்கும். நான் போனால் வாசலில் நின்று, "இப்ப எந்த பட்டனை அமுக்கினீங்க?" என்று கத்திக்கொண்டிருக்க வேண்டும். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்விடுவாள்.

2005 டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை அந்த ஊர் ஜைனம்பு அம்மா வீட்டிலிருந்து போன் வந்தது. உறவுக்காரர் யாரோ விளையாட்டு சிடி ஒன்றைப் போட்டதிலிருந்து கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லையாம். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு அப்புறம் சவுதியிலிருந்து மகன் அஸ்லாம் இன்டர்நெட்டில் பேசுவான். ஜைனம்பு அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, திரையில் மகன் முகம் தெரியாது, குரல் ஒன்றுதான். ஆபரேஷனை ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தார். மகன் பிப்ரவரியில் வருவான், அவன் கூட நின்றால்தான் கண்ணில் கத்தி வைக்க விடுவேன் என்று பிடிவாதம். வருகிற தேதியை நாளைக்கு அவன் வாயால் கேட்டாக வேண்டும் என்றார்.

சத்தம் வரவைக்கும் டிரைவர் புரோகிராம் சிடிகள் அடங்கிய பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன், மலர்கொடி கூட இருந்ததால் என்னையும் உள்ளே விட்டார்கள். கட்டிலில் ஜைனம்பு அம்மா, கதவோரம் இடுப்பில் குழந்தையோடு மருமகள் சமீரா. மலர்கொடி சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்தாள். காலண்டர் வந்தது. குறித்து வைத்த நாள் தடித்த எழுத்தில் தெரிய வேண்டும். அன்றைய தேதியைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. ரம்ஜானுக்கு முந்தின வாரம் அவள் குறித்து வைத்த 'நல்லா இருந்தப்ப'வும் போயிருந்தது.

அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குஷி, மறைப்பானேன். ஃபார்மேட் போட்டுவிடலாம் என்றேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், தாராளமாக இருந்தது. யாராவது ரீஸ்டோரை அணைத்தார்களா என்றால் அதுவும் இல்லை. கடைசியில், கம்ப்யூட்டர் தன் பாட்டுக்கு எழுதி வைக்கும் பதிவுப் பட்டியலைத் திறந்து வரி வரியாக இறங்கினாள். நானும் எட்டிப் பார்த்தேன். தேதிகள் ஒழுங்காக வந்துகொண்டே இருந்து, நவம்பர் கடைசியில் நாலு வரி எங்கேயோ தாவியிருந்தன.

"இதென்னங்க கூத்து, யாரு 2008 பிப்ரவரிக்குப் போனது?" என்று நான் வாய்விட்டுப் படித்தேன்.

மலர்கொடி என் காலை மிதித்தாள். எனக்குப் புரியவில்லை. கம்ப்யூட்டருக்கு 2008 என்று தேதி வைத்தால், தொண்ணூறு நாளுக்கு முந்தின குறிப்பெல்லாம் பழசு என்று அதுவாகவே அழித்துவிடும், கண்டுபிடித்துவிட்டோம் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அதற்கும் கீழே 2006 பிப்ரவரி பத்து என்று நாலைந்து தடவை இருந்ததையும் சொல்லித் தொலைத்தேன். அப்புறம்தான் சமீராவைப் பார்த்தேன். குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

காலண்டர் பார்க்க அந்தப் பெண் திரையின் மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் திறந்திருக்கிறாள். முதலில் 2006, பிறகு 2008 என்று, புருஷன் வருகிற நாள் என்ன கிழமை எனப் பார்த்துவிட்டு, மூடுவதாக நினைத்து ஓகேயை அமுக்கியிருக்கிறாள். கம்ப்யூட்டர் அந்தத் தேதிக்கே போய்விட்டது. மறுநாள் கவனித்துத் திருத்தியும் இருக்கிறாள்.

ஜைனம்பு அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, கணக்குத் தெரியும்.

"எத்தனாந்தேதி?" என்று கேட்டார்.

சமீரா குழந்தையின் தலையிலிருந்து முகத்தை எடுத்தாள். "பன்னெண்டு மாமி. செவ்வாக்கெழமை" என்றாள். "அவங்க இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேலைக்கு எழுதிக் குடுத்துட்டாங்களாம். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஜைனம்பு அம்மா மருமகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் வரச்சொல்லிக் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மலர்கொடி இருந்த திசையில் திரும்பி, "நீ சத்தத்தை வர வெச்சுக் குடு புள்ள" என்றார்.

ஏழாவது சிடியில் டிரைவர் பொருந்தி, சத்தம் வந்தது. கடிகாரத்தை யாரும் தொட முடியாதபடி பூட்டிவிடு என்று மலர்கொடியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. சமீராவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பார்த்து முடித்ததும் கேன்சல் அமுக்கணும் என்று மூன்று தடவை செய்து காட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவளே பஸ் ஏறிப் போய்ப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் என்னிடம் சொன்னாள். அஸ்லாம் குரல் நன்றாகக் கேட்டதாம். சாப்பாடு, தூக்கம், குளிர் எல்லாம் விசாரித்த ஜைனம்பு அம்மா தேதியை மட்டும் கேட்கவில்லையாம். அவனாகவே, பிப்ரவரியில் வந்துவிடுவேன், வந்து நானே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், அதுவரை பொறுத்துக்கோம்மா என்றானாம். "சரிப்பா, பொறுமையா வா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையை மைக் பக்கம் நீட்டினாராம்.

சொல்லி முடித்துவிட்டுத் திங்கட்கிழமை லீவு வேண்டும் என்றாள். எதற்கு என்றேன்.

"அந்தம்மாவுக்கு ஆபரேஷன்ணே. சமீரா கைப்புள்ளைக்காரி, நான்தான் கூட நிக்கணும்."