கூடைப்பந்துக்காக ஒரு பூசை

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு கறிக்கடைக்குப் போவது எங்கள் வீட்டில் என் வேலை. நான் பதினொன்றாம் வகுப்புப் படித்த அந்த ஒரு வருடம் மட்டும், அந்தக் கடை இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று இருந்தது. கறி என்ன பாவம் செய்தது? கறிக்காகக் காத்து நின்றவர்கள் பேசிய பேச்சுதான் காரணம்.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். சுற்றிலும் முந்திரிக் கொல்லை, நடுவில் மாதா கோயில், கோயிலை ஒட்டி சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் பள்ளி. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பள்ளிக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. மண் தரை, சுண்ணாம்புக் கோடு, ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த இரும்பு வளையம். வளையத்தில் வலை கிடையாது. அதனால் பந்து உள்ளே போனதா, வெளியே போனதா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சண்டை வரும். அந்தச் சண்டைக்காகவே ஆண்கள் மதில்மேல் வந்து உட்கார்ந்தார்கள் என்பது என் எண்ணம். ஊர் ஆண்களுக்கும் ஒரு கால்பந்து அணி இருந்தது. அது வெளியூர் போய் ஜெயித்ததாக எனக்கு நினைவில்லை. அதனால்தானோ என்னவோ, பெண்பிள்ளைகள் ஆடியதை அவ்வளவு மும்முரமாகப் பார்த்தார்கள்.

ஜெயித்தது நாங்கள் என்று சொல்வதே தப்பு. ஜெயித்தது அவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். ஏழாம் வகுப்பிலேயே பி.டி. டீச்சரைவிட உயரமாகிவிட்டாள். வளையத்துக்குக் கீழே அவள் கைக்குப் பந்து போய்விட்டால் எதிரணி தலையில் கைவைத்துக்கொள்ள வேண்டியதுதான். நாங்கள் மற்ற நாலு பேரும் தபால்காரர்கள். பந்தை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் உத்தியோகம்.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அவள் மடத்துக்குப் போய்விட்டாள். சிஸ்டராவதற்கு. பங்குச் சாமியார் சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். ஒரு தகரப் பெட்டியோடு அவள் திருச்சி பஸ் ஏறியபோது அவள் அம்மா அழுதார், நாங்கள் அழுதோம். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. “ஆறாங் கிளாஸ்லேர்ந்து இதுக்குத்தான்டி காத்துக்கிட்டிருந்தேன்” என்று என் காதில் சொன்னாள். கூடைப்பந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் இடத்தில் என்னைப் போட்டார்கள். நான் அவள் தோள் உயரம்கூட இல்லை.

அடுத்த மாதமே ஜெயங்கொண்டம் அணியிடம் இரண்டே புள்ளியில் தோற்றோம். அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் துக்க வீடு போலக் கூட்டம். கடைக்காரர் வெட்டுக்கத்தியைப் பாதியில் நிறுத்திக்கொண்டு கேட்டார்.

“செபமாலை உருட்டுறதுக்கு அவ்வளவு பெரிய கை எதுக்குங்க?”

எங்கள் வழி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் அவருக்குப் பக்கத்தில் நின்றார். மாட்ச் நடக்கும் நாளில் பள்ளி மதில் ஓரம் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகள் திட்டத் திட்ட ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் விசில் கொடுப்பார். “ரெண்டு வருசம் ஆடிட்டுப் போயிருக்கலாம்ல. சாமி எங்க ஓடிப் போவப் போறாரு?” என்றார்.

இவர்களை விடுங்கள். என் அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் அவரிடம் படித்தவர்கள். அவர் பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்.

“நம்ம புள்ள ஓடுது, குதிக்குது, எல்லாம் செய்யுது. என்ன பண்றது, பந்து உள்ள போவ மாட்டேங்குது.”

நம்ம புள்ள நான்தான். அவர் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தில் எங்கள் அணி எடுத்த புள்ளிகளில் பாதி நான் எடுத்தது.

“போன வருசம் அவ இருந்தப்பவே திருச்சியில தோத்தோமேப்பா?” என்று கேட்டேன்.

“அது ரெஃபரி பண்ணுன சதி” என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

இப்படி ஆட்களிடம் என்னத்தைப் பேசுவது? உண்மையில் அவள் போன பிறகுதான் நாங்கள் ஐந்து பேரும் ஆடவே கற்றுக்கொண்டோம். அதுவரை பந்தை அவளை நோக்கி எறியத்தான் தெரியும். இப்போது ஒருத்திக்கு ஒருத்தி கொடுத்து வாங்கினோம், இடம் மாறி ஓடினோம், தூரத்திலிருந்து வளையத்துக்கு எறிந்தோம். வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் பால் பட்டுத் தோல் உரிந்த விரல்களோடு, பந்து படும்போதெல்லாம் எரிய எரிய ஆடினோம். பி.டி. டீச்சருக்கு அது தெரிந்தது. மதில்மேல் இருந்தவர்களுக்குத் தெரியவே இல்லை. அவர்கள் வளையத்துக்குக் கீழே காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த மகா யோசனை வந்தது. அவள் திரும்பி வர மாதாவிடம் வேண்டி ஒரு பூசை வைப்பது. கடவுளுக்கென்று போன பெண்ணைக் கடவுளிடமிருந்து வாங்கித் தரச் சொல்லி, கடவுளின் அம்மாவிடமே மனுப் போடுவது. இதை வேறு எந்த ஊரிலாவது யோசித்திருப்பார்களா? கண்டக்டர் ஒரு படி மேலே போய், அவள் வந்துவிட்டால் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வதாக நேர்ந்துகொண்டார்.

ஒரே ஒரு சிக்கல். அவளை மடத்துக்கு அனுப்பிவைத்ததே எங்கள் சாமியார்தான். பூசை எதற்கு என்று தெரிந்தால் செருப்பைக் கழற்றிவிடுவார். அப்பா அதற்கும் வழி கண்டுபிடித்தார். இன்ன வேண்டுதலுக்காகப் பூசை என்று எழுதிக் கொடுக்கும் கருத்துச் சீட்டில் தன் அழகான கையெழுத்தில், “ஒரு குறிப்பிட்ட கருத்துக்காக, கூடைப்பந்து ரசிகர்கள்” என்று எழுதிக் கொடுத்தார். சாமியார் அதைப் பீடத்தில் வாசித்தார். சனிக்கிழமைக் காலைப் பூசைக்கு இத்தனை ஆண்கள் வந்திருப்பதைப் பார்த்து மனம் பூரித்து, பிரசங்கத்தில் பாராட்டவும் செய்தார். கறிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நானும் அந்தப் பூசையில் இருந்தேன். அப்பா இழுத்துக்கொண்டு வந்திருந்தார். சொந்த மகளை வெளியே அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொருத்தியை வைக்கச் சொல்லி ஒரு மனிதர் கண்ணை மூடி, உதடு துடிக்க வேண்டிக்கொண்டிருந்தார். அதைப் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பார்த்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. நானும் கண்ணை மூடினேன். “மாதாவே, அவ வரக் கூடாது. வரவே கூடாது. அங்கேயே இருக்கட்டும்” என்று வேண்டினேன். அதுவரை பூசையில் என் மனம் ஒரு நாளும் ஓரிடத்தில் நின்றதில்லை. அன்றைக்கு நின்றது.

அந்த மாதக் கடைசியில் அரியலூரில் போட்டி. மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் ஜெயித்தோம். திருச்சியில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குத் தகுதி பெற்றோம். கடைசி ஆட்டம் முடிந்தபோது எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, உதட்டில் ரத்தம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் கண்டக்டரிடம் சொன்னார்.

“ஆறு பாயின்ட்ல ஜெயிச்சிருக்கோம். அவ மட்டும் இருந்திருந்தா இருவதுல ஜெயிச்சிருப்போம்.”

“அதுல என்ன சந்தேகம் வாத்தியாரே” என்றார் கண்டக்டர், எனக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே.

தோற்றால் அவள் இல்லாததால் தோற்றோம். ஜெயித்தால் அவள் இல்லாததால் குறைவாக ஜெயித்தோம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபரில் ஒரு நாள் மதியம் அவள் வந்துவிட்டாள். எங்கள் கண்டக்டரின் பஸ்ஸிலேயே வந்தாள். அதே தகரப் பெட்டி. ஊருக்குள் நுழைந்ததிலிருந்து நிற்கும் இடம் வரைக்கும் டிரைவரை ஹாரன் அடிக்கச் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர். வகுப்பில் இருந்த எங்களுக்கே கேட்டது.

அவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூன்று வாரம் படுக்கையில் இருந்திருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, இந்த உடம்பு மடத்து வேலைகளைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். உடம்பு தேறினால் மறுபடி வரலாமா என்று இவள் கேட்டிருக்கிறாள். உடம்புக்கு முடியாமல் போனவர்களை மறுபடி சேர்த்துக்கொள்வதில்லை என்று மடத்துத் தலைவியான மதர் தன்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். இதையெல்லாம் அவள் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்குச் செய்தியைக் கொண்டுவந்தது அப்பா. வாசலிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“மாதா கேட்டுட்டாங்க! இனிமே ஒனக்குக் கவல இல்ல புள்ள. பாரம் எறங்கிடுச்சு.”

கேலி இல்லை. மனதாரச் சொன்னார். நான் இத்தனை நாள் அவளுடைய இடத்தைச் சுமந்து கஷ்டப்பட்டதாகவும், இப்போது எனக்கும் விடுதலை கிடைத்ததாகவும் நினைத்துக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்புறம் போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் திருவிழாதான். கண்டக்டர் புது மொட்டையோடு சந்தனம் பூசிக்கொண்டு வந்திருந்தார். திருச்சிப் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. அவள் ஓடக் கூடாது, டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார் என்று யாரோ ஒருவர் சொன்னார். கறிக்கடைக்காரர் அதற்கும் தயாராக இருந்தார்.

“ஓட வேணாம்னுதானே டாக்டர் சொன்னாரு? நிக்க வேணாம்னு சொல்லலியே. ரிங்குக்குக் கீழ நிக்கட்டும். பந்து வந்தா போடட்டும்.”

“அங்கயே நின்னா ஃபவுலு கூப்புடுவான். மூணு செகண்டுதான் நிக்கலாம்” என்றார் கண்டக்டர்.

அப்பா இரண்டு நிமிடம் ஆழ்ந்து யோசித்தார். “மூணு செகண்டுக்கு ஒரு தடவ ஒரு எட்டு கோட்டுக்கு வெளிய வச்சுட்டு உள்ள வரட்டும். ஒரு எட்டு வக்கிறதுக்குப் பேரு ஓட்டமா?”

அத்தனை பேரும் ஆகா என்றார்கள். அங்கிருந்தவர்களில் ஒருவர்கூட, நாலு மாதத்தில் பாதி உடம்பாகிப் போன அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. மடத்தை விட்டு வந்ததில் அவளுக்கு வருத்தமா என்ற கேள்வி யார் மண்டைக்குள்ளும் ஏறவில்லை. கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வீட்டுக்கு முட்டையும் பாலும் கொடுத்தனுப்பியது இதே ஆட்கள்தான். முட்டை சாப்பிட்டால் சீக்கிரம் தேறுவாள், தேறினால் ஆடுவாள்.

அவள் அம்மாவிடம் காற்றாட கிரவுண்டு வரைக்கும் அனுப்புங்கள் என்று நச்சரித்து, ஒரு நாள் சாயங்காலம் அவளை வரவழைத்தே விட்டார்கள். தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தாள். மதில்மேல் இடமில்லை. பி.டி. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, “ஒரு தடவ போட்டுட்டு ஒக்காந்துக்கம்மா. இல்லாட்டி இவங்க வூட்டுக்குப் போவ மாட்டாங்க” என்றார்.

நான்தான் பந்தை அவள் கையில் கொடுத்தேன். வளையத்துக்குக் கீழே நின்றாள். கையை உயர்த்தினாள். பந்து பலகையில்கூடப் படாமல் உள்ளே விழுந்தது. மதில் முழுக்கக் கைதட்டலும் சீட்டியும். அந்தச் சத்தத்தில் அவள் இருமியது யாருக்கும் கேட்கவில்லை. இருமல் நிற்காமல் அவள் குனிந்துவிட்டாள். நான் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பந்தைக் கொடுத்தவளும் நான்தானே என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

“நா திரும்பி வரணும்னு பூசை வச்சாங்களாமே. நெசமாடி?”

“ஆமா.”

“நீயும் வேண்டுனியா?”

எனக்குள் அத்தனை மாதமாக இருந்த ஆத்திரம் எங்கே போகும்? யார்மேல் காட்ட வேண்டும் என்று தெரியாமல் அவள்மேலேயே காட்டினேன்.

“நா நீ வரவே கூடாதுன்னு வேண்டுனேன். அங்கயே இருக்கணும்னு முட்டி வலிக்க வேண்டுனேன். போதுமா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். ஊருக்கு வந்த நாளிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இந்த ஊர்ல நீ ஒருத்திதான்டி எனக்காக வேண்டியிருக்க” என்றாள்.

அவளுக்காக இல்லை, எனக்காகத்தான் வேண்டினேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு எத்தனையோ வருடம் பழகியும், இன்றுவரை அவளிடம் அதைச் சொல்லவில்லை.