புளிசாதத்துக்கு ஒரு டெஸ்ட்

போன மாசம் எங்க வீட்ல புளிசாதத்துக்குப் பரீட்சை நடந்தது. சிரிக்காதீங்க... அன்னிக்கு எனக்குச் சிரிப்பே வரலை.

மகளுக்கு வளைகாப்பு. ஸ்ரீரங்கத்துல எங்க வீட்ல இருந்துதான் கட்டுச்சோறு போகணும். மத்த சாதத்துக்கெல்லாம் சமையல்காரர் இருக்கார். புளிசாதம் மட்டும் யார் கையால? 'பெத்தவ நான்'ங்கிறா என் மனைவி. 'அத்தைக்காரி நான்'ங்கிறாங்க எடமலைப்பட்டி புதூர்ல இருக்கிற என் அக்கா. விட்டா ஒருத்தர் விசேஷத்துக்கே வரமாட்டாங்க போலிருந்தது. எனக்கு நிஜமாவே பயம்.

மாப்பிள்ளை காலேஜ்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் வாத்தியார். "சண்டை எதுக்கு மாமா? டெஸ்ட் பண்ணிடுவோம்"னார்.

ரெண்டு பேரும் செஞ்ச புளிசாதம், பேர் போடாத ரெண்டு கிண்ணத்துல. சொந்தக்காரங்க எல்லாரும் ரெண்டையும் சாப்பிட்டு மார்க் போடணும். சமைச்ச ரெண்டு பேரும்கூட.

"சராசரி எடுப்பீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. உங்க தம்பி அள்ளிப் போடுவார், உங்க மச்சான் கிள்ளிப் போடுவார். அதனால ஒவ்வொருத்தரும் எதுக்குக் கூடப் போட்டாங்கன்னு மட்டும் பார்ப்பேன். முதல் கிண்ணம்னா பிளஸ், ரெண்டாவதுன்னா மைனஸ். ஸைன் டெஸ்ட்னு பேரு."

சீட்டைப் பிரிச்சார். தம்பி — எட்டு, எட்டு. மச்சான் — மூணு, மூணு. துறையூர் சம்பந்தியம்மா — பத்து, பத்து. நான் ஒன்பது, ஒன்பது. எது யாரோடதுன்னு தெரியாம எவன் வாயைக் கொடுப்பான்?

"சமமாப் போட்டவங்களை இந்த டெஸ்ட்ல சேர்க்க மாட்டோம் மாமா." சொந்த அம்மா சீட்டு உட்பட எல்லாத்தையும் ஓரமா தள்ளிட்டார். கல்யாணமான நாள்ல இருந்து 'ரெண்டும் நல்லாருக்கு'ன்னு சொல்லியே குடும்பம் நடத்துறவன் நான். ஸ்டாடிஸ்டிக்ஸ்ல நான் ஒரு ஆளே கிடையாதாம்.

மிச்சம் மனைவி சீட்டு, அக்கா சீட்டு. ஒரு பிளஸ், ஒரு மைனஸ். அப்புறம்தான் தெரிஞ்சது — தன்னோடதுன்னு நினைச்சு மனைவி அக்காவோடதுக்குப் பத்து போட்டிருக்கா. அக்காவும் அதே மாதிரி மனைவியோடதுக்கு.

சமாதானம் ஆயிடும்னு நினைச்சேன். எங்கே?

"யாரோ கிண்ணத்தை மாத்தி வச்சிருக்காங்க"ன்னா மனைவி. "அதானே"ன்னாங்க அக்கா. மாப்பிள்ளையை முறைக்க முடியுமா? ரெண்டு பேரும் என் பக்கம் திரும்பினாங்க.

"நீங்களே சொல்லுங்க, யார் செய்யறது?"

"மழுப்பாம சொல்லுடா."

திரும்பவும் சமம்னா கணக்குல சேராது. தைரியமா சொன்னேன்: "புளிசாதமே வேண்டாம். சமையல்காரர்கிட்ட எலுமிச்சை சாதத்தை அதிகமாப் போடச் சொல்லிடலாம்."

வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சது. ரெண்டு பேரும் வந்தாங்க. இப்ப என் மனைவிக்கும் அக்காவுக்கும் துளி வித்தியாசம் கிடையாது — ரெண்டு பேருமே என்கிட்ட பேசுறதில்லை.